ஒன்பதாவது விசாரிப்பு

“ஜப்பான் கிராண்ட் பியானோ பழசு, ஆனா சத்தம் நல்லா இருக்கும் ஐயா. சீனாவில செஞ்சது புதுசு, பாதி விலை” என்றாள் போனில் சிங்கப்பூர் பியானோக் கடைக்காரப் பெண்.

“ரெண்டையும் வாசிச்சுக் காட்டுங்க பிள்ள.”

அழகரெத்தினம் கண்ணை மூடிக் கேட்டார். நான்கு மாதத்தில் அந்தக் கடைக்குப் போன் எடுப்பது இது ஒன்பதாவது தடவை.

“வாசிக்கத் தெரிஞ்ச ஒரே மகளையும், விரும்பினவனக் கட்டினாளெண்டு படியேற வேணாமெண்டிட்டீங்க. இனி ஆருக்குப் பியானோ?” என்றாள் மனைவி மீனாம்பிகை.

அவர் போனைப் பொத்திக்கொண்டார். “பாண்டிருப்பில நம்மட குடும்பத்துக்கு ஒரு மதிப்பிரிக்கி. நீ சும்மா இரி.”

பிறகு போனில் சொன்னார்: “மலிஞ்ச சாமான் கடற்காத்துக்கு நிக்காது. ஜப்பான் பியானோவ இன்னொருக்கா வாசிங்க.”

வாசித்து முடித்தவள் கேட்டாள். “பியானோவோட காலைக் கழற்றித்தான் வீட்டுக்குள்ள ஏத்தணும். உங்க வாசல் எவ்வளவு அகலம் ஐயா?”

“நாலடி.”

பியானோ மூடியைச் சாத்திவிட்டு அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நம்மட வாசல் மூண்டடிதானே அப்பா?”

ஒன்பது தடவையும் பெயரை மறைத்துத் தன்னைத் ‘திருக்கோவில் தவராசா’ என்றே சொல்லிக்கொண்டவர் தொண்டையைச் செருமினார்.

“இடிச்சுப் பெருசாக்கலாம் மகள். நீ எப்ப வாற?”