ஒரு வேன் நிறைய ஜோடி

"ஜோடியாப் போறதுக்கு வேன் எதுக்குங்க?"

தண்ணீர் கொட்டும் பீலியில் குடத்தை வைத்துவிட்டு, பிரேமலதா புருஷன் பக்கம் திரும்பி நின்றாள். நிரோஷன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

"அம்மாவும் வரட்டுமேன்னு பார்த்தேன். பாவம், அது எங்க போயிருக்கு?"

"அத்தை மட்டுமா?"

"அப்பாவத் தனியா விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? தங்கச்சிய விட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. பாப்பா எப்படியும் வருவா."

"பேஷ். ராட்டினத்துல அத்தை பக்கத்துல நீங்க உக்காந்துக்குங்க. நான் மாமா பக்கத்துல உக்காந்து வெத்தல மடிச்சுக் குடுக்குறேன்."

நிரோஷனுக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை தெரணியகலைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து தோட்டத்துக்கு வருவான். கல்யாணமாகி ஆறு வருடம். தொழிலாளர் லயத்தின் கடைசிக் காம்பராவில் அப்பா மூக்கையா, அம்மா மருதாயி, தங்கச்சி, மகள் பாப்பா, இவர்கள் இருவர் என்று ஆறு பேருக்கும் ஒரே அறை. புருஷனும் பெண்டாட்டியும் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் இந்தப் பீலிக்குத்தான் வர வேண்டும். அங்கேயும் பின்னால் நாலு குடம் காத்திருக்கும். ஒரே ஒரு நாள் அவனோடு தனியாக இருக்க வேண்டும். பிரேமலதா ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அதற்காகத்தான் போனில் வந்த அந்த வீடியோவை அவனிடம் காட்டினாள். 'தீம் பார்க் போகும் ஜோடிகள் செய்ய வேண்டிய ரொமான்டிக் விஷயங்கள்.' இரண்டு பேரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டுமாம். ஒரே ஐஸ்கிரீமை இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிட வேண்டுமாம். பெரிய ராட்டினம் உச்சிக்குப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூட வேண்டுமாம். அதில் வந்த பெண் சிரித்த சிரிப்பைப் பார்த்தால், ஜென்மத்தில் ஒரு குடம் தூக்கியிருக்க மாட்டாள் என்று தெரிந்தது. இருந்தாலும் பிரேமலதா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "பௌர்ணமிப் போயா லீவுக்குப் போவோம்" என்று நிரோஷனும் தலையாட்டினான்.

அது எல்லோருக்கும் ஆட்டுகிற தலை என்பது இப்போதல்லவா தெரிகிறது!

"இன்னொண்ணு லதா..." அவன் பிடரியைச் சொறிந்தான். "பக்கத்துக் காம்பரா ஜீவராணி அக்காவையும் கூப்பிட்டுட்டேன்."

பிரேமலதா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் எட்டாது. இந்தப் பக்கம் தும்மினால், அந்தப் பக்கத்திலிருந்து "கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்று ஜீவராணி குரல் கொடுப்பாள். வீட்டில் பட்டது போதாதென்று அந்த ஜீவனை ராட்டினத்துக்கும் அழைத்துப் போக வேண்டுமா?

"அவங்களும் தனியாத்தானே கெடக்குறாங்க..."

"நல்ல மனசுங்க உங்களுக்கு. அப்படியே கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கூட்டிக்குங்க. பங்களா நாய் சும்மாதான் கெடக்குது, அதையும் ஏத்திக்குங்க. முதுகெலும்பு இருக்கிற எடத்துல ஆண்டவன் உங்களுக்கு ரப்பர் பால ஊத்தி வச்சிருக்கான்!"

குடத்தோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நிரோஷன் அதற்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் வேன் வந்து லயத்துக்குக் கீழே நின்றது. பிரேமலதா நீலச் சேலையில் வந்தாள். நிரோஷன் நீலச் சட்டை போட்டிருந்தான்.

"பேண்டு வாத்தியக்காரங்க கெட்டாங்க போ" என்றாள் மருதாயி. "ராட்டினம் சுத்தணுமாம், ராட்டினம். நாங்கல்லாம் ராட்டினம் சுத்தியா புள்ள பெத்தோம்?" கேட்டுக்கொண்டே முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரத்தைப் பிடித்தாள்.

"மேல போகையில வெத்தல துப்பலாமாப்பா?" என்று கேட்டபடி மூக்கையா ஏறினார். தங்கச்சியும் பாப்பாவும் ஏறினார்கள். ஒரு பை நிறைய ரொட்டியோடு ஜீவராணியும் ஏறி உட்கார்ந்ததும், அந்தச் சின்ன வேனில் குடை வைக்கக்கூட இடமில்லை.

"நீங்க முன்னால போங்க. நாங்க பஸ்ல வர்றோம்" என்று பார்க் டிக்கெட்டுகளைத் தங்கச்சி கையில் கொடுத்தான் நிரோஷன். வேன் கிளம்பி வளைவில் மறைந்தது.

பிரேமலதாவுக்கு அழுகை வந்தது. இந்த மனுஷனுக்கு முன்னால் அழக்கூடாது என்று அதையும் வசவாக்கினாள்.

"இப்ப திருப்தியா? ஊரையே ஏத்தி அனுப்பிட்டு, ஆசப்பட்டுக் கேட்டவள ரோட்டுல நிக்க வச்சிட்டீங்க. வேன் புடிக்கையில எத்தன பேருன்னு பாக்கத் தெரியாதா? உங்களக் கட்டினதுக்கு அந்த ராட்டினத்தையே கட்டியிருக்கலாம். அதுக்காவது தனக்குன்னு ஒரு அச்சாணி இருக்கு. வாங்க, பஸ்ஸாவது கெடைக்குதான்னு பாப்போம்."

நிரோஷன் பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை. லயத்துப் படியில் ஏற ஆரம்பித்தான்.

"அங்க எங்க போறீங்க? என்னத்த மறந்து தொலைச்சீங்க?"

"ஒண்ணையும் மறக்கல. நமக்கு நான் டிக்கெட்டே எடுக்கல, லதா." அவன் நின்று திரும்பினான். "பஸ்ஸ விட்டுட்டோம்னு தங்கச்சிக்கு ஒரு போன் கோல் எடுத்தா போதும். பொழுது சாயிற வரைக்கும் காம்பராவுல நாம ரெண்டு பேருதான். சுவருக்கு அந்தப் பக்கம்கூட ஆள் கெடையாது."

அடுத்த வசவுக்காகத் திறந்த வாயை பிரேமலதா மெதுவாக மூடினாள். பிறகு நீலச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவனை முந்திக்கொண்டு படியேறினாள்.