ஒரு சொட்டு சிந்தலை

"வழி விடுங்கப்பா, காப்பி வருது!"

பரளச்சியில் அழகுத்தாய் வீட்டு முன்னால் போட்டிருந்த பந்தலுக்குள் ஸ்கூட்டர் மெல்ல உருண்டு வந்தது. ஓட்டி வந்தவன் அழகுத்தாயின் தம்பி விஜயபாண்டி. முழங்கால் ரெண்டுக்கும் நடுவில் பெரிய எவர்சில்வர் கேன். மூடிக்கு மேல் ஈரத்துண்டு. துண்டுக்கு மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி ஒரு கட்டு. முன்னால் கொக்கியில் பச்சைக் கலர் பிளாஸ்க் ஒன்று. அதையும் ஆடாமல் நீலத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

சாவு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. வந்த சனத்துக்கு வெளியிலிருந்துதான் காப்பி வரணும். உள்ளூர்க் கடைக் காப்பி போதாது என்று விஜயபாண்டி அருப்புக்கோட்டைக்கே போய் வாங்கி வந்திருந்தான். அவனுக்கு வீடும் அங்கேதான்.

"ரோடு கெடக்கிற கெடைக்கு எப்படிய்யா கொண்டாந்த?" என்றார் இருளப்பசாமி. பங்காளிகளில் மூத்தவர்.

"மனசு வச்சா முடியாதா பெரியப்பா? கேனுக்கு அடியில சாக்கை மடிச்சுப் போட்டேன். பள்ளம் வந்தா காலால அணைச்சுக்கிட்டேன். இந்தா பாருங்க, ஒரு சொட்டு சிந்தலை."

நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

"கூடப் பொறந்த பாசம்னா இதுதான்யா. வாரந்தவறாம விறகுக் கரி சுடுற மூட்டம் பார்க்க இந்தப் பக்கம் வாரவன், அக்கா வாசல்ல வண்டியை நிப்பாட்டாமப் போனதே கிடையாது."

"பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு இவன்தானே எல்லாம்" என்று ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

பேப்பர் கப்புகள் கைமாறின. சனம் ஊதி ஊதிக் குடித்தது.

"அந்த பிளாஸ்க்குல என்னப்பா?"

"அதுவும் காப்பிதான் பெரியப்பா. எங்க கரி முதலாளி மாலை போட வாரேன்னாரு. அவுகளுக்குச் சூடு ஆறிறக் கூடாதுல்ல, அதான் தனியா."

காப்பி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் தடங்கல். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் கையை நீட்டவில்லை. விடிந்ததிலிருந்து அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குக் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"ஏத்தா பிச்சை, எழவு வீட்டுக் காப்பியை வேண்டாங்கப்படாது. வாங்கிக் குடி" என்றார் இருளப்பசாமி.

"வேண்டாம்ணே."

பின்னால் உட்கார்ந்திருந்த பொம்பளைகளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"டம்ளரும் கையுமால்ல உட்கார்ந்திருக்கா. மகாராணி பேப்பர் கப்புல குடிக்க மாட்டாக போல."

"காப்பி வருமுன்னயே கழுவி வச்சுக்கிட்டா, பாத்தியா?"

"அழுதாளான்னு கேளு. காலையில இருந்து கண்ணுல தண்ணி எட்டிப் பாக்கலை."

"எங்கிட்டுக் கூடி வரும்? வீட்டை எழுதி வப்பான்னு இத்தனை நாளா கஞ்சி ஊத்திப் பாத்தா. செத்தவ ஏமாத்திட்டுப் போயிட்டாள்ல!"

யாரோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அத்தனையும் பிச்சையம்மாள் காதில் விழத்தான் செய்தது. அவள் கண் ஸ்கூட்டர் கொக்கியை விட்டு நகரவில்லை.

"தம்பி."

"என்னக்கா?"

"எனக்கு அந்த பிளாஸ்க்குல இருந்து ஊத்து."

ஊதிக் குடித்துக்கொண்டிருந்த சனம் திரும்பிப் பார்த்தது.

"முதலாளிக்கு வச்சதுல பங்கு கேக்குறா பாரு! விவஸ்தை வேண்டாம்?"

விஜயபாண்டியின் முகம் சுருங்கியது. கொக்கி வரைக்கும் போன கை திரும்பி வந்தது.

"கேன்ல உள்ளதும் இதே காப்பிதானக்கா. ஒரே கடை."

"எனக்கு அதுலதான் வேணும்."

"முதலாளி வாரப்போ நான் என்னத்தைக் குடுப்பேன்?"

"அதுலதான் வேணும் தம்பி."

இருளப்பசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊத்தித் தொலைய்யா. ஒரு டம்ளரு காப்பிக்கா எழவு வீட்டுல பஞ்சாயத்து? குடிச்சுட்டு இவ எந்திரிச்சுப் போகட்டும்."

விஜயபாண்டி நீலத் துணி முடிச்சை அவிழ்த்தான். அவசரத்தில் அது வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். மூடியைத் திருகித் திறந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளர் நிறைய ஊற்றினான். ஆவி பறந்தது.

பிச்சையம்மாள் எழுந்தாள். டம்ளரை வாயில் வைக்கவில்லை. கீழே கிடந்த நீலத் துணியை எடுத்து உதறி மடித்தாள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டுக்குப் போய், அழகுத்தாயின் முகத்துக்கு நேராகக் கண்ணாடிமேல் துணியை விரித்து, அதன்மேல் டம்ளரை வைத்தாள். குனிந்து, உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஏ அழகு, வாய் கசக்குது, டவுனுக் காப்பி ஒரு மடக்கு வாங்கியாடான்னு நீ கேட்டப்பல்லாம், வண்டியில கொண்டாந்தா சிந்திப் போகும்க்கான்னு சொன்னான்ல? அதுக்காக நீ பிளாஸ்க்கு வாங்கி, கொக்கியில இறுக்கிக் கட்டுறதுக்கு உடுத்துன நீலச் சேலையையும் கிழிச்சுக் குடுத்துட்டு, வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் இந்த டம்ளரைக் கழுவி வச்சுக்கிட்டுக் கெடந்தேல்ல? அதே பிளாஸ்க்குல கொண்டாந்துட்டாண்டி. ஒரு சொட்டு சிந்தலையாம்."