சித்தி லெய்லா மவுத்தான அன்று

படத்தை மேசையில் வைத்துவிட்டு சார்ஜன்ட் பேனையைத் திறந்தார்.

"அம்மா, இது உங்கட மகள்தானே? நீங்க வாயால சொல்லணும். அப்பத்தான் நான் எழுதலாம்."

உம்மு குல்சூம் படத்தைப் பார்த்தாள். முக்காடு போட்டிருந்த அந்தப் பிள்ளை அவளுடைய மகள் அல்ல.

பெற்றவள் நாலு முழம் தள்ளி, குசினி வாசற்படியில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பாக்கியம்மா. உடப்பிலிருந்து மதுரங்குளிக்குக் கருவாடு கொண்டுவந்து விற்கிறவள். துக்கம் விசாரிக்க வந்த வியாபாரக்காரி என்று சார்ஜன்ட் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்றுதான் கூடையும் வந்திருந்தது.

அவள் அழலாம். ஆனால் பிறத்தியார் வீட்டுச் சாவுக்கு அழுகிற அளவுக்குத்தான் அழலாம். அந்த அளவு எவ்வளவு என்று தெரியாமல் அவள் அழாமலே இருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தவள் குல்சூமின் ஒரே பிள்ளை, சித்தி லெய்லா. கடதாசியெல்லாம் கொடுத்து முடித்த பிறகு பயந்துபோய், மாட்டேன் என்று நின்றுவிட்டாள். ஏஜன்சிக்காரன் அசரவில்லை. அவனுக்குப் பெயர் என்பது சட்டை மாதிரி, உள்ளே யார் இருந்தாலும் சரி. பாக்கியம்மாவின் மகள் இலட்சுமியின் படத்தை ஒட்டி, அவளை லெய்லாவாக்கி விமானம் ஏற்றிவிட்டான். இரண்டு தாய்மாரும் சம்மதித்துத்தான் நடந்தது. வீட்டுக்கு ஓடு போடலாம் என்று ஒருத்திக்கு ஆறுதல். ஏஜன்சிக்கு நட்டம் கட்டத் தேவையில்லை என்று மற்றவளுக்கு.

இலட்சுமி அங்கே காய்ச்சலில் செத்துப்போனாள். கடவுச்சீட்டின்படி செத்தது சித்தி லெய்லா.

உண்மையைச் சொல்லிப் பிள்ளையின் உடலைக் கேட்க வழியில்லை. அந்த வருடம் கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. பொய்ப் பெயரில் நாட்டை விட்டுப் போன தமிழ்ப் பெட்டை என்றால் பொலிஸ் வேறு கதைதான் கட்டும். உடப்பில் வலை இழுக்கிற பாக்கியம்மாவின் புருசனும் மகனும் அன்றைக்கே உள்ளே போவார்கள்.

குல்சூம் ஓம் என்றால் சவப்பெட்டி இந்த வாசலுக்கு வரும். இங்கிருந்து உடப்புக்குக் கொண்டுபோவது அவர்கள் பாடு. இல்லையென்றால் ஊர் பேர் தெரியாத இடத்தில் ஒரு குழிக்குள் போட்டு மூடிவிடுவார்கள்.

காலையிலிருந்து குல்சூம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். என்ட மகள். சித்தி லெய்லா. மவுத்தாயிட்டா.

லெய்லாவை விடியற்காலையிலேயே குறிஞ்சிப்பிட்டிக்கு, சாச்சி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. செத்தவள் வீட்டுக்குள் நடமாடக் கூடாதல்லவா.

"என்ட மகள்..." என்றாள் குல்சூம்.

அதற்கு மேல் வரவில்லை.

சார்ஜன்ட் காத்திருந்தார். முற்றத்தில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் உள்ளே எட்டிப் பார்த்தான்.

உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்துவிட்டாள் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? அதுவும் பொலிஸ் எழுதிக்கொள்கிற சொல். எழுதினால் பலித்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

பாக்கியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்ட பிள்ளை உயிரோடு சோறு தின்கிறாள், உனக்குச் சொல்லுக்குப் பஞ்சமா? எழுந்துபோய் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிறகு தன்னையே கேட்டுப் பார்த்தாள். இடம் மாறியிருந்தால் நான் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டாள். அது தெரிந்ததும் கோபம் போயிற்று. கூடவே நம்பிக்கையும் போயிற்று.

சார்ஜன்ட் பேனையை மூடினார்.

"பெத்த தாய்க்கு அடையாளம் தெரியல்லயா? அப்ப ஸ்டேசனுக்கு வாங்க. அங்க கதைப்பம்."

அப்போது பாக்கியம்மாவின் தோளைத் தொட்டு விலக்கிக்கொண்டு, குசினிக்குள்ளிருந்து ஒருத்தி வந்தாள்.

சித்தி லெய்லா. பஸ் ஏறாமல் பின்வேலியால் திரும்பி வந்து, இவ்வளவு நேரமும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

எல்லாம் போச்சு என்று பாக்கியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

லெய்லா நேரே மேசைக்குப் போய்ப் படத்தைக் கையில் எடுத்தாள். தனக்குப் பதிலாகப் போனவளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது எங்கட ராத்தா, சேர். எனக்கு மூத்தவ. சித்தி லெய்லா. மவுத்தாயிட்டா. உம்மாவுக்குச் சொல்ல ஏலாது, அதான் நான் சொல்றன். எங்களுக்கு மையத்து வேணும்."

உம்மாவின் பக்கம் அவள் திரும்பவில்லை.

குல்சூம் அப்போதுதான் வாய்விட்டு அழத் தொடங்கினாள். அந்த அழுகையில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. சார்ஜன்ட் பேனையைத் திரும்பத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு நிதானமாக எழுதினார். பெட்டி வரச் சில கிழமைகள் செல்லும் என்றார்.

பாக்கியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை வரப்போகிறாள்.

கடைசி வரிக்கு வந்ததும் சார்ஜன்ட் நிமிர்ந்தார். அடையாளம் காட்டியவரின் விவரமும் வேண்டுமாம்.

"தங்கச்சிட பேர் என்ன?"

லெய்லா வாயைத் திறந்தாள். இருந்த ஒரு பெயரையும் இப்போதுதான் கொடுத்திருந்தாள்.

"பரீனா," என்றாள் குல்சூம், அழுகைக்கு நடுவில்.

பெற்ற பிள்ளைக்கு அவள் இரண்டாம் தரம் பெயர் வைத்தாள். முதல் தரம் காதில் பாங்கு சொல்ல வாப்பா இருந்தார். இந்தத் தரம் சார்ஜன்ட் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.