மருதாணி பார்க்காத வண்டி

உங்கள் வண்டியே உங்களைத் திருடன் என்று பிடித்து வைத்தால் என்ன செய்வீர்கள்?

சுகந்திக்கு மறுநாள் கல்யாணம். அவளுக்கு அதில் விருப்பமில்லை. புனேயில் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலம் எல்லோரும் பந்தியில் இருந்தபோது, ஸ்டேஷனுக்குப் போகத் தன் மின்சார ஸ்கூட்டரில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தாள்.

விரல் ரேகை பார்த்துக் கிளம்பும் வண்டி அது. வேற்றுக் கை பட்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அவளோ அப்பாவோ போனில் விடச் சொன்னால்தான் விடும். திருட்டுக்குப் பயந்து அவளே கேட்டு மாட்டிய பூட்டு.

முந்தின நாள் விரல் நுனிவரை மருதாணி வைத்திருந்தார்கள். வண்டிக்கு ரேகை தெரியவில்லை. கைப்பிடி இரண்டு கைகளையும் இறுக்கியது. போன் தோள்பையில் இருந்தது; எடுக்கக் கை இல்லை. "திருடன், திருடன்" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியது.

அப்பாவும் அத்தையும் ஓடி வந்தார்கள்.

"பையைத் தூக்கிட்டு எங்க கண்ணு கெளம்பீட்ட?" என்றாள் அத்தை.

"அப்பா, விடச் சொல்லுங்கப்பா. ரயிலுக்கு நேரமாச்சு."

அப்பா போனைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ரயில் போயிரட்டும். அப்பறம் விடலாம்."

அத்தை குனிந்து அவள் விரல்களைப் பார்த்தாள்.

"எப்படிச் செவந்திருக்குது பாரு! மாப்ள உன்மேல உசுரா இருப்பாரு."

மறுநாள் காலை, குறித்த முகூர்த்தத்தில் சுகந்திக்குக் கல்யாணம் நடந்தது.