முந்திரியின் கேள்வி

சோடா என்ற நாய் இறந்ததிலிருந்து, அதோடு வளர்ந்த பெண் நாய் முந்திரியின் கழுத்துப்பட்டை ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. "எங்க?"

நாயின் மனதைப் பேச்சாக்கும் அந்தப் பட்டையை இருதயராஜும் அவர் மனைவி பிலோமினாவும் ஆசையாக வாங்கியிருந்தார்கள். "வெளிய போலாம்" என்று முந்திரி கேட்டால் வீடே சிரிக்கும். இப்போது அது கட்டிலடியில் முகர்ந்துவிட்டு வந்து "எங்க?" என்றது. சோறு வைத்தாலும் தட்டைப் பார்க்காமல் "எங்க?" என்றது.

இருதயராஜால் தாங்க முடியவில்லை. "அந்தப் பட்டையக் கழட்டிடு பிலோ."

"கழட்டினா அது தேடுறது நின்னுடுமா? நமக்குக் கேக்காது, அவ்வளவுதாங்க."

சோடாவை மருத்துவமனையிலிருந்தே கொண்டுபோய்ப் புதைத்திருந்தார்கள். முந்திரிக்குக் காட்டவேயில்லை. சோடாவைக் கடைசியாகச் சுற்றியிருந்த போர்வை மட்டும் காரில் கிடந்தது. பிலோமினா அதை எடுத்துவந்து கூடத்தில் விரித்தாள்.

முந்திரி அதை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு இருதயராஜின் முன்னால் வந்து நின்றது. "எங்க?"

அவர் தரையில் உட்கார்ந்தார். "செத்துப்போயிட்டான்டி," என்றார். அதுவரை அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னதும் வாய்விட்டு அழுதார்.

முந்திரி அவர் கையை நக்கிவிட்டு, போர்வையில் போய்ச் சுருண்டு படுத்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப்போனார்.

"போகாத," என்றது பட்டை.

அவர் அங்கேயே, அதன் பக்கத்தில் படுத்துவிட்டார். பிலோமினா இருவருக்குமான சோற்றைக் கூடத்துக்கே கொண்டுவந்தாள். முந்திரி படுத்தபடியே கொஞ்சம் தின்றது.