நாலாம் பக்கம்

"இந்த ஒரு வாரத்துல பேப்பர்ல முதல்ல எதைப் படிச்சீங்க, எதைப் படிக்காம விட்டீங்க? அப்புறம் ஏதாவது ஒரு விளம்பரம். அது நம்மகிட்ட என்ன கேக்குது, எதை மறைக்குது? எழுதிட்டு வரச் சொன்னேன். முதல்ல யாரு வாசிக்கப் போறா?"

ஜெபகனி டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் பகவதி எழுந்துவிட்டாள்.

நாகர்கோவிலில் இருந்த அந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பகவதியை மிஞ்சிப் பேப்பர் படிக்கிறவள் கிடையாது. திருவிதாங்கூரில் இருந்த நம்ம தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருமா, சேராதா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த 1954ஆம் வருஷம். ஹாஸ்டலில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் பகவதியிடம்தான் கேட்பார்கள்.

அவள் வாசித்தாள்.

"நான் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படிப்பேன். விளம்பரம் மட்டும் படிப்பதில்லை. கூந்தல் தைல விளம்பரத்தில் முழங்கால் வரை முடியோடு ஒரு பெண் நிற்கிறாள். அந்த முடியை வளர்த்தது தைலம் அல்ல, படம் வரைந்தவரின் மை."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தாள்.

"இதற்கெல்லாம் மயங்குகிற ஒருத்தி எங்கள் ஹாஸ்டலிலேயே இருக்கிறாள். பேப்பர் வந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் எடுப்பாள். நேரே நாலாம் பக்கம். விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரைப் போட்டுவிடுவாள். நாடு எக்கேடு கெட்டாலும் அவளுக்குக் கவலை இல்லை. நாளைக்கு இவள் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பாள்?"

பெயர் சொல்லவில்லை. அத்தனை தலைகளும் கடலோர முட்டத்துக் கிளாரா பக்கம் திரும்பின.

"இன்னைக்கு அதையும் தாண்டிட்டா டீச்சர்," என்றாள் பின்பெஞ்சு செல்லபாய். "நாலாம் பக்கத்துல ஒரு துண்ட வெட்டியே எடுத்துட்டா. பின்னால இருந்த கோர்ட்டுச் செய்தியும் பாதி போச்சு."

"கிளாரா, நீயா வெட்டின?"

"ஆமா டீச்சர்."

"எல்லாருக்கும் பொதுவான பேப்பர். வெட்டலாமா?"

"தப்புதான் டீச்சர்."

"சரி, அதைப் பத்தி எழுதினதையாவது வாசி."

"எழுதல்ல டீச்சர்."

"அப்ப விளம்பரத்தை வாசி."

"இங்க வச்சு வாசிக்க முடியாது."

"முகப்பவுடர் விளம்பரமாட்டு இருக்கும்," என்றாள் பகவதி. "முட்டத்து வெயிலுக்கு வேணும்லா!"

மறுபடியும் சிரிப்பு. கிளாராவின் முகம் சுருங்கிவிட்டது. புத்தகத்துக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்துக்கொண்டுபோய் டீச்சர் கையில் கொடுத்தாள்.

திட்டுவதற்காக வாய் திறந்த டீச்சர், வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பகவதி, இங்க வா. மனசுக்குள்ள வாசி."

நாலைந்து வரிதான்.

'புதுக்கடை ஊர், பாத்திரக்கடை சுயம்பு மகள் பகவதிக்கு. என் கடிதங்கள் பிரிக்காமல் திரும்பி வருகின்றன. மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ விரும்பியபடி படித்து முடி. வரும் ஞாயிறு அம்மாவும் நானும் ஹாஸ்டலுக்கு வருகிறோம். முகம் காட்டினால் போதும். அப்பா.'

படித்தது போதும், தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொன்ன அன்று, மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே சேர்ந்தவள் அவள். நாலு மாதமாக வீட்டுப் பக்கம் போகவில்லை. வந்த கடிதம் ஒவ்வொன்றையும் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

பகவதி மறுபடியும் வாசித்தாள். எழுத்து மங்கியது. தன் பெயரும் ஊரும் அப்பாவின் கடையும் அச்சில் அப்படியே கிடந்தன. கிளாரா வெட்டாமல் விட்டிருந்தால், மத்தியானத்துக்குள் இந்த வகுப்பு முழுக்க வாசித்துச் சிரித்திருக்கும்.

"என்ன விளம்பரம் டீச்சர்?" என்றாள் செல்லபாய்.

"நல்ல விளம்பரம். எதையும் மறைக்கல்ல. அடுத்து யாரு வாசிக்கப் போறா?" என்றாள் டீச்சர்.

மணி அடித்ததும் பகவதி வராந்தாவில் கிளாராவைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, எனக்க பேரு போட்டிருக்குன்னுதான் வெட்டுனியா?"

"பின்ன? சாப்பாட்டுக்குப் போவும்போ ஒனக்க கையில தனியா தரலாம்னு வச்சிருந்தேன்."

"வகுப்புல நான் அவ்வளவு பேசியும் வாய் திறக்கல்லியே நீ?"

"திறந்தா விஷயம் வெளிய வந்திரும்லா."

"அப்ப நாலாம் பக்கம், நாலாம் பக்கம்னு தினமும் ஓடுனது?"

"இது என்னைக்கு வருமோன்னுதான்."

"வரும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

கிளாரா சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"போன மாசம் ஒனக்க அப்பா ஹாஸ்டல் கேட்டுக்கு வந்தாருல்லா. பாக்கமாட்டேன்னு நீ மாடிக்குப் போயிட்ட. நான் இறங்கிப் போனேன். மனுஷன் கம்பியப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு மக்கா. அவருக்க பேச்ச எடுத்தாலே நீ காதப் பொத்துவ. எனக்கும் வேற வழி தெரியல்ல. 'லெட்டரு போடாண்டாம், பேப்பர்ல போடுங்க. அவ பேப்பர ஒரு வரி விடாம படிப்பா'ன்னு சொல்லி அனுப்பினேன். பேரப் போடாண்டாம்னு சொல்ல மறந்துபோச்சு. அதுதான் வேற யாரும் பாக்கும் முன்னால நான் முந்திப் போய்ப் பாத்தேன்."

பகவதி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஞாயித்துக்கிழமை நீயும் கூட நில்லுட்டி."

"நிக்கேன், நிக்கேன்," என்று அவள் முதுகைத் தட்டினாள் கிளாரா. "ஒரு வரி விடாம படிக்கவ விளம்பரத்த மட்டும் படிக்கமாட்டான்னு எனக்கு இன்னைக்குத்தானே தெரியும்!"