மூன்று மணி அழைப்பு

"உங்க கம்பெனி மேல கேஸ் போடப் போறேன்! விக்கும்போது தேன் ஒழுகப் பேசறீங்க, சாஃப்ட்வேர் ஏறலைன்னா மட்டும் ஒருத்தருக்கும் வாய் திறக்காதா?"

சுவர்க் கடிகாரத்தில் சரியாக மூன்று மணி. எடுத்த எடுப்பிலேயே விழுந்த வசவில் அவள் ஹெட்போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

எதிர் நாற்காலியில் சூப்பர்வைசர் இன்னொரு ஹெட்போனில் அதே அழைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அவருக்கு அதுதான் வேலை என்பதால், அலுவலகத்தில் அவருடைய பட்டப்பெயர் 'காது'.

இருந்தது ஒரே ஒரு வேலை. காலையில் வந்த இருவரையும் 'காது' வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்றாவது ஆளான அவளுக்கு, முன்பே சொல்லியிருந்தபடி, மூன்று மணிக்கு இரண்டாம் நம்பர் போனில் வரும் முதல் அழைப்புதான் தேர்வு. அரை மணி நேரத்தில் கோளாறு தீர்ந்தால் வேலை. தீராவிட்டால், எட்டு மாதமாக வகிக்கும் 'வேலை தேடும் பட்டதாரி' பதவியே தொடரும்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், நான் சரி பண்ணித் தரேன். எந்த சாஃப்ட்வேர்?"

"துணி வெட்டறதுக்கு அளவு போட்டுப் படம் வரைஞ்சு தருமே, அதுதான். பாதி ஏறி நின்னு போகுது."

"டிஸ்க்ல இடம் இல்லாம இருக்கும் மேடம். முதல்ல வீடியோ ஃபோல்டரைத் திறந்து, தேவையில்லாததை..."

"இல்லையே." மறுமுனையில் கோபம் சட்டென்று காணாமல் போயிருந்தது. "இடம் இல்லைன்னு வரலையே. இது வேற என்னமோ வருதே!"

அவள் முகம் வெளுத்தது. 'காது' ஒரு புருவத்தை உயர்த்தி, தாளில் எழுதினார்: 'வாடிக்கையாளர் சொல்லும் முன்பே ஊகிக்கிறார். ஒரு மதிப்பெண் குறைவு.'

"என்ன... என்ன வருதுன்னு படிங்க மேடம்."

"'இன்னொரு இன்ஸ்டாலேஷன் நடந்துக்கிட்டிருக்கு, அது முடிஞ்சப்புறம் வாங்க'ங்குது. இங்க நான் ஒருத்திதானே உக்காந்திருக்கேன்? எனக்குத் தெரியாம எவன் நடத்தறான்?"

'காது' சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள். அணைத்துப் போட்டும் அதே செய்தி. நான்கு நிமிடம் போனதுதான் மிச்சம்.

"மேடம், இதுக்கு முன்னாடி இதை ஏத்திப் பாத்தீங்களா?"

மறுமுனை தயங்கியது. "நேத்து பாத்தேன்."

"எத்தனை தடவை?"

"ஒரு... பதினோரு தடவை இருக்கும்."

"பதினோரு தடவையா? எதுக்கு?" மேடம் போடக்கூட மறந்துவிட்டாள்.

"சரியா வரணுமேன்னுதான்." குரல் கம்மியது. "ஒவ்வொரு தடவையும் பாதியில நிறுத்திட்டேன்."

அவள் கண்களை இறுக மூடித் திறந்தாள். பாதியில் நின்ற மிச்சமெல்லாம் உள்ளே கிடக்கிறது. பழைய வேலை இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, புதியதை உள்ளே விட மாட்டேன் என்கிறது கம்ப்யூட்டர்.

கன்ட்ரோல் பேனலைத் திறக்கவைத்தாள். பட்டியலில் இருந்த பழைய பெயரை நீக்கவைத்தாள். தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரைத் துடைத்துப் போடச் சொன்னாள். எல்லாம் போயின, ஒன்றைத் தவிர.

"இது மட்டும் போக மாட்டேங்குது. நானும் பத்து தடவை அழுத்திட்டேன்."

'காது' கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்பது நிமிடம். "ஒரு... ஒரு நிமிஷம் மேடம்" என்றாள்.

"பதறாதீங்க. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்லை," என்றார் சற்று முன் கேஸ் போடுவதாகக் கத்திய வாடிக்கையாளர்.

'காது' அசந்துபோனார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு குரலை அவர் இந்த லைனில் கேட்டதே இல்லை. 'சிடுமூஞ்சி வாடிக்கையாளரையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு மதிப்பெண் கூடுதல்' என்று எழுதி, அடிக்கோடும் இட்டார்.

அவள் யோசித்தாள். "மேடம், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. ஒரு பட்டியல் வருதா? அதுல இந்த சாஃப்ட்வேர் பேர் இருக்கா?"

"இருக்கு, இருக்கு! சத்தமில்லாம உள்ள உக்காந்திருக்கு, திருட்டுப்பய மாதிரி."

"அதைத் தொட்டு 'எண்ட் டாஸ்க்' குடுங்க. இப்ப அந்த ஃபைலை அழிங்க."

"போயிடுச்சு! சனியன் ஒழிஞ்சுது!"

"இப்ப முதல்லேருந்து ஏத்துங்க."

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மறுமுனை ஏலம் விடுவதுபோல எண்ணியது. "நாப்பது... எழுபது... தொண்ணூறு... நின்னுடுச்சு... இல்லை, நகருது... ஏறிடுச்சு! சட்டைப் படமே வந்துடுச்சு!"

இரண்டு நிமிடம் மீதமிருந்தது. 'காது' மேசை இழுப்பறையிலிருந்து வேலைக்கான கடிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், போடாமல், விதிமுறைத் தாளின் கடைசி வரியைப் பேனா முனையால் தட்டிக் காட்டினார். எந்த அழைப்பானாலும் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். வாடிக்கையாளர்தான் முதலில் போனை வைக்க வேண்டும்.

அவள் விரல் அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானை நோக்கிப் போனது. 'காது' மறுபடியும் தட்டினார்.

"வேற... வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

மறுமுனையில் நிம்மதியாக ஒரு பெருமூச்சு கேட்டது.

"பால் தீர்ந்துடுச்சு, வரும்போது வாங்கிட்டு வந்துடுடி!"